கதவுக் கவிதைக்கு ஒரு நிமிடம்

எனக்கு வாய் நீளம். இந்தச் சுருட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடமாக எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் ஒன்று. நிக்காசியோவின் மேடை பறிபோகப் பார்த்ததற்கு என் வாய் காரணமில்லை. மேடை தப்பியதற்குத்தான் காரணம். தப்பிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே நாலு குட்டு குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நிக்காசியோ எங்கள் வாசகர். நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுவோம். அவர் மேடையில் மைக் முன்னால் உட்கார்ந்து காலையில் செய்தித்தாள், மதியம் நாவல் என்று வாசிப்பார். எந்த நாவல் என்பதை நாங்கள் கை தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம். பிடித்த இடம் வந்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையில் தட்டுவோம். வாசகருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. தன் கருத்தைச் சொல்லக் கூடாது. முகத்தைக் கோணக் கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்பதை உயிரே போனாலும் சொல்லக் கூடாது. ஒருமுறை எங்கள் வரிசையில் உட்காரும் எலாடியோ ஒரு பாட்டில் ரம் கொண்டுவந்து கொடுத்து, கதாநாயகி பிழைப்பாளா என்று மட்டும் சொல்லச் சொன்னான். நிக்காசியோ ரம்மை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் நாற்பது நாள் கழித்துத்தான் செத்தாள். அதுவரை எலாடியோ ரம் போன வயிற்றெரிச்சலில் இருந்தான்.

அந்த வருடம் நாங்கள் ஓட்டுப் போட்டு எடுத்த நாவல் ஒரு நகரத்தைப் பற்றியது. அங்கே எப்போது சிரிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்பதற்கெல்லாம் சங்கு ஊதும். ஊதாத நேரத்தில் சிரித்தால் ரொட்டி ரேஷன் அட்டையில் ஓட்டை போடுவார்கள். எங்கள் நாட்டு அச்சகம் போட்ட புத்தகம்தான், அட்டையில் விலைகூட அச்சடித்திருந்தது. ஆறாவது அத்தியாயத்தில், எண்ணெய்க் கடை வரிசையில் நிற்கிற ஒரு கிழவி மூடிக் கிடக்கிற கடைக் கதவைத் தொட்டுப் பார்த்து, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கவிதையைச் சொல்கிறாள். எங்களில் யாருக்கும் அது புதிதில்லை. மரம் நடு விழாவன்று வெள்ளைச் சட்டை போட்டு நாங்கள் எல்லோருமே பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான்.

கதவே, நீ மரமாய் நின்ற நாள் எனக்குத் தெரியும்.
காற்று வந்தால் யாரையும் கேளாமல் ஆடினாய்.
இப்போது தள்ளினால் திறக்கிறாய், தள்ளினால் மூடுகிறாய்.
உள்ளே இன்னும் பச்சை இருக்கிறதா, சொல்.

அவ்வளவுதான். நிக்காசியோ வாசித்து முடித்த நொடியில் நூற்றுப் பன்னிரண்டு கத்திகள் பலகையில் விழுந்தன. மண்டபத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் பக்கத்து இருக்கைக்காரி சொராய்தா, புருஷன் விட்டுப் போனபோதுகூட அழாதவள், மூக்கை உறிஞ்சினாள். எங்கள் போதாத காலம், மாகாணக் கலாச்சார அலுவலகத்திலிருந்து வந்திருந்த தோழர் பெர்முதெஸ் அப்போது பார்த்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் மேலாளர் அறைக்கு அழைப்பு வந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதி என்ற முறையில் நானும் போனேன்.

"தோழர் நிக்காசியோ, அந்த இடத்துல ஏன் அவ்ளோ சத்தம்?" என்றார் பெர்முதெஸ். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார்.

"தட்டினாங்க, தோழர்."

"அது காது கிழியக் கேட்டுச்சு. ஏன் தட்டினாங்க?"

"பிடிச்சிருந்துச்சு போல."

"எது பிடிச்சிருந்துச்சு?"

"அதை வாசகன் சொல்லக் கூடாதுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கு மரம்னா உசுரு, தோழர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இந்தக் கவிதையை ஒன்பது வயசுல ஒப்பிச்சுப் பரிசு வாங்கினவன் நான். கவிதையில ஒரு தப்பும் கிடையாது. நாவல்லயும் தப்பு கிடையாது, நம்ம அச்சகம் போட்டது. ரெண்டும் ஒண்ணா சேரும்போதுதான் என்னமோ..."

"என்னமோன்னா என்ன தோழர்?" என்றேன், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவர் காது சிவந்துவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார்? அந்த நகரம் எந்த நகரம், அந்தக் கதவு யார் என்று அவர் வாயால் சொன்னால், அதைச் சொன்னவர் அவராகிவிடுவார். நாங்களும் சொல்ல மாட்டோம். இப்படி எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேரும் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மேலாளர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

கடைசியில் பெர்முதெஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய கவிதை இந்த நாவலின் கருப்பொருளை எவ்வாறு வளப்படுத்துகிறது என்று வாசகர் மூன்று பக்கத்துக்கு ஒரு ஆய்வு எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். திருப்தியாக இருந்தால் வாசிப்பு தொடரலாம். இல்லையென்றால் மேடையில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துவிட்டு, வாசகரைப் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம்.

நிக்காசியோவுக்கு ஆஸ்துமா. கோந்து நெடி அடித்தாலே மூச்சு இழுக்கும். அதுகூடப் பெரிதில்லை. மனைவி போய், மகன் கடல் கடந்து போய், அந்த மனிதருக்கு மிச்சமிருந்ததே இருபத்தாறு வருடத்து மேடைதான். மாடிப்படியில் பாதி இறங்கியவர் கைப்பிடியைப் பிடித்து நின்றார்.

"நான் எப்படி எழுதுவேன், ஒனேலியா? எனக்குக் கருத்தே கிடையாதே" என்றார்.

"உங்களுக்கு இல்லைன்னா என்ன, எங்ககிட்ட நூத்திப் பன்னெண்டு பேர் கருத்து இருக்கு. நாங்க சொல்றோம், நீங்க கையை மட்டும் ஆட்டுங்க."

மறுநாள் மதியம், கறுப்பு பீன்ஸ் சோற்றுத் தட்டுகளோடு ஆய்வுக் கூட்டம் கூடியது. நாங்கள் பெரிய படிப்பு படிக்காதவர்கள்தான். நான் ஆறாவதோடு நின்றவள். ஆனால் ஆயுசுக்கும் நாவல் கேட்டவர்கள். நாலு அத்தியாயத்தில் யார் திருடன் என்று சொல்லிவிடுவோம். ஆகவே அந்தக் கவிதை அந்த நாவலில் என்ன வேலை செய்கிறது என்பது எங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. சங்கு ஊதி ஊதி எல்லோரையும் கதவாக்கிவிட்ட ஊரில், ஒருத்தி கதவைப் பார்த்து, நீ மரமாயிருந்தவன்தானே என்று கேட்கிறாள். தடை செய்ய முடியாத, பள்ளிக்கூடத்துப் பாட்டைக் கொண்டே கேட்கிறாள். நாவல் ஆறு அத்தியாயமாகச் சொல்லத் தயங்கியதை நாலு வரி சொல்லிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், இதில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் மூன்று பக்கம் நிரப்ப வேண்டும்.

"காடு வளர்ப்பு. அதுல ஒரு பக்கம் ஓட்டிரலாம்" என்றாள் சொராய்தா.

"தச்சுத் தொழிலாளியோட பெருமையைப் போடுங்க" என்றான் எலாடியோ. "கதவு சும்மா வருதா? ஒருத்தன் இழைச்சான்ல?"

"கிழவியை என்ன பண்றது?" என்றேன்.

"கிழவிக்குக் கண்ணு தெரியலை, கதவை மரம்னு நினைச்சுட்டாள்னு எழுதுங்க. கண் மருத்துவ வசதி இல்லாத கேடுகெட்ட ஊர் அதுன்னு ஒரு போடு போடுங்க. நம்ம ஊர்ல கண் ஆஸ்பத்திரி இலவசம்ல!" என்றான் எலாடியோவே.

சிரித்துச் சிரித்து எனக்குப் பீன்ஸ் புரையேறியது. நிக்காசியோ மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி குனிந்து, அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். வியாழன் மதியத்துக்குள் இரண்டே முக்கால் பக்கம் தேறிவிட்டது. முடிவுக்குக் கனமாக ஒரு வாக்கியம் வேண்டும். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"இப்படிப் போடுங்க. உழைப்பாளிகளின் உள்ளத்தை உயர்த்தும் இக்கவிதை, தினந்தோறும் காலையில் ஒவ்வொரு தொழிலாளியின் காதிலும் ஒலிக்கத் தக்கது."

கூட்டத்தில் ஆஹா என்றார்கள். நிக்காசியோ பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.

"அந்த வரி வேண்டாமே, ஒனேலியா."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"வேண்டாம்னு தோணுது."

"உங்களுக்குத்தான் கருத்தே கிடையாதுன்னீங்களே, இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மேடையில் மூடி வைத்திருந்த நாவலைப் பார்த்தார். "என்னால சொல்ல முடியாது" என்றார்.

"அப்ப எழுதுங்க. உங்க வேலையைக் காப்பாத்தத்தானே மண்டையை உடைச்சுக்கிறோம்? இதுலயும் பிகு பண்ணினா எப்படி?"

எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடி, பைக்குள் வைத்து, சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். எனக்கு ஒரே கடுப்பு. நன்றி கெட்ட மனுஷன் என்று சொராய்தாவிடம் சொல்லவும் சொன்னேன்.

பெர்முதெஸுக்குக் காடு வளர்ப்பு பிடித்திருந்தது. தச்சர்கள் பிடித்திருந்தார்கள். கண் ஆஸ்பத்திரி மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவர் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டது என் கடைசி வரிக்கு அடியில்தான். திங்கட்கிழமை உத்தரவு வந்தது. நாவல் வாசிப்பு தொடரலாம். வாசகர் மேடையில் நீடிக்கலாம். தொழிலாளர்களே கேட்டுக்கொண்டதற்கிணங்க, இனி தினமும் காலை ஏழே காலுக்கு, செய்திகளுக்கு முன்பு, ஒரு நிமிடம் இக்கவிதை வாசிக்கப்படும். வாசித்ததற்கு அலுவலகப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரேஷன் தூள் மாதிரி பட்டாணி கலக்காத, சுத்தமான காபித்தூள் யார் வீட்டிலிருந்தோ வந்தது. எலாடியோ என்னை இழுத்து ஒரு சுற்று ஆட வைத்தான்.

முதல் நாள் காலை, கத்திகள் இடி மாதிரி விழுந்தன. இரண்டாம் நாளும். நாலாம் நாள் பாதிப் பேர் தட்டினார்கள். அடுத்த வாரம் ஏழே காலுக்கு நாங்கள் இலையை ஈரத்துணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தோம், நேற்று வராத தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சொராய்தாவிடம், "இன்னைக்கு வாசிச்சாச்சா?" என்று கேட்டேன். "எதை?" என்றாள் அவள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பதினாலாவது அத்தியாயம் வந்தபோதுதான் உறைத்தது.

அந்த அத்தியாயத்தில் நகரத்து ஆட்சியாளர்கள் கூடுகிறார்கள். கிழவியின் கவிதை வரிசைக்கு வரிசை பரவிவிட்டது, மக்கள் கதவுகளைத் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார்கள், தடுத்தால் இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள். என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு குமாஸ்தா கை தூக்குகிறான். "தடுப்பானேன்? தினமும் காலையில் நாமே ஒலிபெருக்கியில் போடுவோமே" என்கிறான். போடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே கிழவி, அதே வரிசையில், அதே கதவின் முன்னால் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். கவிதை நினைவுக்கு வருகிறது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு எண்ணெய் கிடைக்குமா என்று யோசிக்கத் தொடங்குகிறாள்.

நிக்காசியோ எப்போதும்போல ஏற்ற இறக்கத்தோடு, யார் பக்கமும் சாயாமல் வாசித்தார். மண்டபத்தில் ஒரு கத்தியும் அசையவில்லை. எலாடியோ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அந்தக் குமாஸ்தாவுக்கு ஆசிரியர் பேரு வைக்கலையே, அக்கா?" என்றான்.

"வாயை மூடுடா."

"நாம வேணும்னா ஒண்ணு வச்சுரலாம்."

சுற்றிக்கொண்டிருந்த சுருட்டு என் கையிலேயே கிழிந்தது. வெட்கத்தில் முகம் பற்றி எரிந்தது. அந்த நாலு வரியை ஏழு வயதிலிருந்து எனக்குத் தெரியும். எந்தக் கஷ்டத்தில் சொல்லிப் பார்த்தாலும் உள்ளே ஏதோ ஒன்று அசையும். அதை நானே, என் வாயாலேயே, தண்ணீர் வராத பேச்சுக்கு நடுவில் ஓடுகிற இரைச்சலாக்கிவிட்டேன்.

இடைவேளையில் மாடிப்படியில் நிக்காசியோவை மறித்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்!"

"முழுசாப் படிக்காம நான் எதையும் மேடைக்குக் கொண்டுவர மாட்டேன்."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பாவி மனுஷா, வேண்டாமேன்னு முனகினா எனக்கு என்ன புரியும்?"

"கதையை முன்னாடியே சொல்றவன் வாசகனா, ஒனேலியா? அதைச் சொல்லிக் கவிதையைக் காப்பாத்தினா, அப்புறம் மேடையில உட்கார்ந்திருக்கிறது யாரு?"

அவர் இன்னொன்றும் சொன்னார், இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு. "தினம் வாசிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு. எனக்கு அது செத்து ரெண்டு வாரம் ஆச்சு."

அன்றிரவு முழுக்க நான் தூங்கினேன் என்றால் பொய். காலையில் எழுந்தபோது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. எங்கள் மண்டபத்தில் ஓட்டுப் போடாமல் எதையும் வாசித்ததில்லை. இந்தக் கவிதைக்கு ஓட்டே எடுக்கவில்லை. மதியம் சோற்றுத் தட்டோடு மேஜை மேல் ஏறி நின்றேன்.

"காலைக் கவிதை வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க."

நூற்றுப் பன்னிரண்டு கை. சொராய்தா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள், அவளுடையதில் ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.

"அது சரி, உத்தரவு?" என்றான் எலாடியோ. "நிறுத்தினா அவரைக் கோந்து அறைக்கு அனுப்பிருவாங்க. வாசிச்சா இந்த மண்டபமே கோந்து அறைதான்."

எல்லோரும் நிக்காசியோவைப் பார்த்தோம். அவர் கைக்குட்டையால் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். "மண்டபம் சொன்னா வாசகன் கேட்கணும்" என்றார். "ஒரு நிமிஷம் ஒதுக்கணும்னு உத்தரவு சொல்லுது. ஒதுக்கிருவோம்."

மறுநாள் காலை ஏழே காலுக்கு அவர் மைக்கைப் போட்டார். புத்தகத்தைப் பிரித்தார். வாயைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் லேசான கொர்ரென்ற சத்தம் மட்டும் வந்தது. நாங்கள் கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிடம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வேறு ஒன்றும் காதில் விழாதபோது, உள்ளுக்குள் தானாகவே முதல் வரி வந்தது. பிறகு இரண்டாவது. மூன்று வாரத்துக்கு முன்னால் இருந்த இடத்திலேயே அது அசைந்தது. பக்கத்தில் சொராய்தா மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிக்காசியோ செய்தித்தாளை எடுத்தார். அலுவலகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் பதிவேட்டில், "கவிதை வாசிக்கப்பட்டது" என்று எழுதிக் குமாஸ்தா பெண் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருப்பது ஒலிபெருக்கிக்கு நேர் கீழே.

இப்படி ஒன்பது நாள் ஓடியது. பத்தாவது நாள் காலை ஏழு பத்துக்கு பெர்முதெஸ் வந்து நின்றார்.

இன்றைக்கு மட்டும் வாசித்துவிடச் சொல்லி மேடைக்குச் சைகை காட்டினேன். கும்பிட்டுக்கூடக் காட்டினேன். நிக்காசியோ என்னைப் பார்த்தார், ஓட்டு ஓட்டுதான் என்பதுபோல் தலையை ஆட்டினார். இருபத்தாறு வருடம், ஆஸ்துமா, கோந்து, எல்லாவற்றையும் ஒரு தலையாட்டலில் பணயம் வைத்துவிட்டு மைக்கைப் போட்டார்.

பெர்முதெஸ் வாசலில் நின்று மேலாளரோடு மாகாண விழாவுக்கு நாற்காலி எத்தனை வேண்டும் என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நிக்காசியோ புத்தகத்தைப் பிரித்தார். மண்டபம் அமைதியானது. பெர்முதெஸ் சட்டென்று விரலை உதட்டில் வைத்து மேலாளரை அடக்கினார். கவிதைக்கு மரியாதை கொடுத்துக் குரலைத் தாழ்த்தி, "இருநூறு போதும்" என்று காதோடு சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, நிமிடம் முடியும்வரை நின்றார். நிக்காசியோ செய்தித்தாளை எடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையருகே போனார்.

"அருமை, தோழர். இன்னைக்கு உச்சரிப்பு ரொம்பத் தெளிவா இருந்துச்சு" என்று கையைக் குலுக்கினார். பதிவேட்டை வாங்கி அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வயதில் இதே கவிதைக்குப் பரிசு வாங்கிய மனிதர் அவர். வாசித்தபோது எங்களுக்குக் கேட்கவில்லை, வாசிக்காதபோது அவருக்குக் கேட்டுவிட்டது. நான் குனிந்து, இலையின் நரம்பைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேடையில் நிக்காசியோ, குரல் கொஞ்சமும் பிசகாமல், சர்க்கரை உற்பத்திச் செய்தியை வாசிக்கத் தொடங்கினார்.